மாடி வீட்டு ஒத்திகை

"இன்னொரு வார்த்தை பேசினே, இங்கேயே கொன்னு போட்டுடுவேன்!"

மாடியில் ப்ரசன்னா கத்தியதில் தில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் பாதி அதிர்ந்தது. கூடவே பாத்திரம் உருண்டது, நாற்காலி சாய்ந்தது.

கீழ் வீட்டு ஜகந்நாதன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் மனைவி அம்புஜம் மாமியோ கச்சேரி கேட்பதுபோல் கண்ணை மூடித் தலையாட்டினாள்.

"குரல் நன்னா ஏறியிருக்கு இன்னிக்கு. போன வாரம் இவ்வளவு வேகம் இல்லை."

பொங்கல் விழாவில் தானும் மனைவி சுபிக்ஷாவும் நாடகம் போடப்போவதாக ப்ரசன்னாதான் மாடிப்படியில் சொல்லியிருந்தான். "ஒத்திகைச் சத்தம் கேட்கும், மாமி. மனசுல வெச்சுக்காதீங்கோ" என்று லட்டு டப்பாவை வேறு நீட்டினான். அன்றிலிருந்து மாமி சாயங்கால சீரியலையே நிறுத்திவிட்டாள்.

மேலே சுவரில் எதுவோ மோதியது. "பச்சாவ்! பச்சாவ்!" என்று சுபிக்ஷா அலறினாள்.

"காப்பாத்துங்கோன்னு தமிழ்ல சொல்ல மறந்துட்டா பாருங்கோ" என்றாள் மாமி. "தில்லியிலேயே பொறந்த பொண்ணு. பதட்டத்துல ஹிந்திதான் வரும்."

"ஒரு தடவை போய்க் கதவைத் தட்டிடட்டுமா?"

"தட்டி, அவா வேஷத்தோட வந்து நின்னா? பிளாக் பூரா சிரிக்கும். அடுத்த பொங்கல் வரைக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டுவா."

"நிஜமா இருந்தா?"

"லட்டு கொடுத்த பிள்ளை அப்படியெல்லாம் பண்ணுவானோ?"

ஜகந்நாதன் யோசித்தார். அடிபட்டால் படப்போவது மேல் வீட்டுப் பெண். கதவைத் தட்டினால் அசடு வழியப்போவதோ அவர். டம்ளரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

படியில் ஏதோ தடதடவென்று உருண்டு வந்து வாசலில் விழுந்தது. கதவைத் திறந்தால், சுபிக்ஷா. நெற்றி பிளந்து, காது வரை சிவப்பாக வழிந்திருந்தது. சாயமில்லை என்று தெரிந்துகொள்ள மாமிக்கு விரலால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

போலீஸ் பிடித்துக்கொண்டு போன ப்ரசன்னா ஜாமீனில் வந்து, ஐதராபாத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். அங்கே அவனுக்கு வேறு பெண் பார்ப்பதாகக் கேள்வி. சுபிக்ஷா கரோல் பாக்கில் இருக்கும் அக்கா வீட்டோடு போய்விட்டாள்.

சாமான் எடுக்க வந்தவளின் கையை மாமி பிடித்துக்கொண்டாள். "தப்பா நினைச்சுக்காதேடி கொழந்தே. நாங்க உங்க பொங்கல் நாடகத்துக்கு ஒத்திகைன்னுதானே இருந்தோம்!"

நெற்றித் தழும்பு சுருங்க, சுபிக்ஷா அவளையே பார்த்தாள்.

"நாடகமா? எந்த நாடகம், மாமி?"