கிளிப் குத்திய சட்டை

அந்தக் கடற்கரை ஊர்க் கால்பந்து கிளப்பில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரனை ரசிகர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். கோல் கம்பத்தில் ஆட்டக்காரர்களின் சட்டைகள் வரிசையாகத் தொங்கும். பிடித்தவனின் சட்டையில் ஆளுக்கொரு துணிக் கிளிப்பைக் குத்திவிட்டுப் போவார்கள். இந்த ஆண்டு கோல்கீப்பர் டார்வினின் சட்டையில் துணியே தெரியவில்லை, அத்தனை கிளிப்புகள்.

டார்வினுக்கு உடம்பெல்லாம் கூசியது. கைக்கு வந்த பந்தைத் தன் கோலுக்குள்ளேயே நழுவவிட்டு, இறுதி ஆட்டத்தில் கோப்பையைக் கோட்டைவிட்டவன் அவன். இனி விளையாடுவதில்லை என்று ஊரறியச் சொல்லிவிட்டுக் கையுறையைப் பரணில் போட்டாயிற்று.

“நக்கலுக்குக் குத்தியிருக்கானுவ. வா, வீட்டுக்குப் போவோம்” என்றான் மனைவி ஷைனியிடம்.

“நக்கலடிக்க இத்தன பேரா வருவாங்க? போய் மாட்டிட்டு நில்லுங்க.”

ஜெயித்தவன் அந்தச் சட்டையோடு கோலுக்கு முன்னால் நிற்க, குத்தியவர்கள் ஒவ்வொருவராக நேரில் வந்து தங்கள் கிளிப்பை எடுத்துக்கொள்வது வழக்கம். யார் முகத்தையும் பார்க்கத் தெம்பில்லாமல் டார்வின் தலைகுனிந்து நின்றான்.

முதலில் வந்தவள் மீன் விற்கும் மரியதங்கம். இறுதி ஆட்டத்தன்று அவள் அவனை ஏசிய ஏச்சு நடுக்கடலுக்கே கேட்டிருக்கும்.

“என் கிளிப்பு அக்குளுக்குக் கீழ கெடக்கு. கைய ஏம்லே தொங்கப்போட்டுட்டு நிக்க?” என்றாள். “கோல்ல நிக்கது மாதிரி நில்லு மக்கா.”

அவளுக்குப் பின்னால் வரிசை சாலைவரை நீண்டிருந்தது. ஒருவர் முகத்திலும் கேலிச் சிரிப்பில்லை. டார்வின் மெல்ல இரண்டு கைகளையும் விரித்தான்.