இரண்டு சாமி

அப்பா இறந்து பதினொரு நாள். மஸ்கட்டிலிருந்து வந்திருந்த அண்ணன் நந்தகுமார் தங்கை கோகிலவாணியிடம் மறுபடியும் அதையே கேட்டான்.

"உசுரு போற நேரத்துல எனக்குப் போன் போட்டு, 'சாமி, ஓடியா, கதவு தொறந்துதான் கெடக்குது'ன்னாரு. பக்கத்துத் தெருவுல நீ இருக்கறப்ப என்னை ஏன் புள்ள கூப்பிட்டாரு?"

"பெத்தவனுக்கு மவன் நெனப்புதான் சாமி வரும்," என்றாள் அத்தை.

கோகிலவாணி லேப்டாப்பைத் திறந்தாள். அப்பாவின் புதுப் போனுக்காக, பழைய போனின் எண்களைப் பைத்தான் நிரலில், பெயருக்கு ஒரு எண் என்று அடுக்கும் டிக்‌ஷனரியாக மாற்றிக் கொடுத்தவள் அவள்தான். பழைய போனின் கோப்பில் 214 பெயர்கள், டிக்‌ஷனரியில் 213.

அப்பா பிள்ளைகள் இருவரையும் செல்லமாகக் கூப்பிடும் 'சாமி' என்றே பதிந்திருந்தார். டிக்‌ஷனரியில் ஒரே பெயர் இரண்டு முறை நிற்காது. பின்னால் வந்த அண்ணனின் எண் அவள் எண்ணை அழித்திருந்தது; புதுப் போனில் இருந்த ஒரே 'சாமி' அண்ணன்தான்.

"அண்ணா, அப்பா கூப்பிட்டது என்னையத்தாங்க."