ஐயாவுவின் பெட்டி

ஹரிசங்கரின் நாற்காலிக்குப் பின்னால், சட்டம் போட்ட சர்டிஃபிகேட் ஒன்று தொங்கியது. பொடிப் பொடியாக ஆங்கில எழுத்து, மேலே சிங்க முத்திரை. அந்த அறைக்குள் வரும்போதெல்லாம் காதர் மைதீன் முதலில் அதைத்தான் பார்ப்பார். பேட்டன்ட் கையில் இருக்கும்வரை யாரும் அசைக்க முடியாது என்று நினைத்துக்கொள்வார்.

வயலில் இருக்கும் பம்ப்செட்டை வீட்டிலிருந்தே செல்போனில் ஓட்டுகிற வயர்லெஸ் ஸ்டார்ட்டர் செய்யும் ஹரிசங்கரின் கம்பெனி அது. தஞ்சாவூர் நாஞ்சிக்கோட்டை சாலையில் இருந்தது. சார்ஜாவில் இருபத்திரண்டு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிச் சேர்த்ததை எல்லாம் காதர் மைதீன் இதில்தான் போட்டிருந்தார். கடை ஒன்று வாங்கிப் போடலாமே என்று மனைவி லத்தீஃபா சொன்னது காதில் ஏறவில்லை.

மன்னார்குடி வெங்கட்ராகவன் கம்பெனியும் அதே மாதிரி ஸ்டார்ட்டர் விற்றது. இரண்டுக்கும் இடையே பேட்டன்ட் வழக்கு என்று பேப்பரில் வந்ததும் பணம் போட்டவர்கள் ஆடிப் போனார்கள். ரிட்டயர்டு வாத்தியார் கல்யாணம் தன் பங்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஒதுங்கினார். காதர் மைதீன் மட்டும் அசரவில்லை. சண்டை போடுகிறார்கள் என்றால் சரக்கு உசத்தி என்றுதானே அர்த்தம் என்று எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார்.

அந்தத் தைரியம் ஒரு திங்கட்கிழமை காலை வரைக்கும்தான். கதவருகே செருப்பைக் கழற்றும்போது, உள்ளே ஹரிசங்கர் வக்கீலிடம் போனில் பேசுவது கேட்டது. அவன் குரலில் ஒரே பரபரப்பு.

“பூதலூர்ல ஐயாவுன்னு ஒரு எலக்ட்ரீஷியன் சார். 2009லயே பழைய செல்போனை வச்சு இதைச் செஞ்சுருக்காரு. அந்தப் பெட்டி மட்டும் கோர்ட்டுக்கு வந்துட்டா, ஏற்கெனவே இருந்த சாமான்னு ஆயிடும், பேட்டன்ட் அவ்வளவுதான்.”

காதர் மைதீன் உள்ளே போகவில்லை. சத்தம் காட்டாமல் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

அன்று மதியமே பூதலூர் போனார். ஐயாவுவின் மோட்டார் கொட்டகையில் அந்தப் பெட்டி மாட்டியிருந்தது. பட்டன் தேய்ந்த செல்போன் ஒன்று, அதிலிருந்து இரண்டு ஒயர். ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடியது. மூடியில் ‘ஆயுத பூஜை 2009’ என்று சிவப்பு பெயின்டில் எழுதி, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார் ஐயாவு.

காதர் மைதீன் கையோடு கொண்டுபோயிருந்த புது ஸ்டார்ட்டரைக் காட்டினார். இதை இலவசமாக மாட்டித் தருகிறோம், பழசைக் கொடுங்கள், கம்பெனியில் பார்வைக்கு வைக்கப் போகிறோம் என்றார்.

“நல்லாத்தான் ஓடுது. ஆனாலும் நாலு பேரு பாக்கட்டும், எடுத்துக்குங்க பாய்” என்று ஐயாவு பெட்டியைத் துடைத்துக் கொடுத்தார். இளநீரும் வெட்டித் தந்தார். ஐந்து வேளை தொழுகிற மனுஷன் அந்த இளநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டார்.

திரும்பும் வழியில், கல்லணைக் கால்வாயில் கரை தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பாலத்தில் ஆள் நடமாட்டம் ஓயும்வரை நின்றார். பிறகு பெட்டியைத் தண்ணீரில் போட்டார். லத்தீஃபாவை நினைத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

மறுநாள் ஹரிசங்கர் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். சென்னையிலிருந்து வக்கீல் வந்துகொண்டிருக்கிறார், பூதலூர் போகப் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்றான்.

காதர் மைதீன் அவனை அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார்.

“போக வேணாம் தம்பி. அந்தப் பெட்டி இப்ப கால்வாய்ல கிடக்கு. இனிமே நம்ம பேட்டன்டை யாரும் அசைக்க முடியாது.”

ஹரிசங்கர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான்.

“பேட்டன்ட் வெங்கட்ராகவனோடது பாய். கேஸ் போட்டதே அவர்தான். அதை உடைக்க நம்மகிட்ட இருந்தது அந்தப் பெட்டி ஒண்ணுதான்.”

காதர் மைதீனின் விரல் தானாக உயர்ந்து, அவன் தலைக்கு மேலே இருந்த சிங்க முத்திரையைக் காட்டியது.

“அது ஜிஎஸ்டி சர்டிஃபிகேட் பாய்” என்றான் ஹரிசங்கர். “எல்லார் கண்ணுலயும் படற மாதிரி மாட்டி வைக்கணும்னு சட்டம்.”