ஆளுக்கு ரெண்டு மரம்

"என் கயித்தக் களவெடுத்தவன் வெளங்கவே மாட்டான்!"

கடற்கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினான் ததேயு. திட்டு அவன் அண்ணன் பெர்க்மான்சுக்கு. அவரோ காதில் விழாத மாதிரி வலையை உதறிக்கொண்டிருந்தார்.

கட்டுமரத்தில் பின்பக்கம் உட்காருகிறவன் சொன்னதுதான் சட்டம். அந்த இடம் யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் மூண்ட சண்டை, பாகப்பிரிவினையில் போய் நின்றது. நாலு மரத்தைச் சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, ஆளுக்கு ரெண்டு மரம் எடுத்துக்கொண்டார்கள். கயிற்றைப் பங்கு போடுவதற்குள் அது மாயமாகிவிட்டது. சாளை மீன் அள்ள அள்ளக் கிடைக்கிற நேரத்தில், இரண்டு வீட்டிலும் வெறும் கஞ்சி.

அன்றைக்குக் கரையோரம் வெள்ளை வெளேரென்று ஒரு சுற்றுலாப் படகு வந்து நின்றது. ஒரே தளம், அடியில் இரண்டு ஓடம்.

"இதுக்குப் பேரு கேட்டமரான்," என்றான் கறுப்புக் கண்ணாடி போட்ட படகோட்டி. "உங்க கட்டுமரம்தான் வெள்ளைக்காரன் வாயில அப்படி ஆயிடுச்சு."

ததேயு படகைச் சுற்றி வந்தான். "மரம் எங்க தம்பி?"

"ஃபைபர்ணே."

"கட்டு?"

"போல்ட்டு."

"மரமும் இல்ல, கட்டும் இல்ல, பேரு மட்டும் எங்களுதா? வெக்கமா இல்ல?"

மீன்கூடையோடு நின்ற லூர்தம்மாள் விடவில்லை. "அந்த ஓடம் ரெண்டும் சேந்து நிக்குதுலே! சேத்துக் கட்டுனாத்தானே கட்டுமரம்? ஒனக்குக் கெடக்கது வெறும் வெறகு!"

கரையே சிரித்தது. பெர்க்மான்சும் சிரித்ததைத்தான் ததேயுவால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி ரோஸ்லினிடம் பொரிந்து தள்ளினான். "களவாணிக்குச் சிரிப்பு வேற! கயிறு மட்டும் கையில கெடச்சிருந்தா, அன்னைக்கே வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்திருப்பேன்!"

"பாதிக் கயித்த வச்சு என்னத்தக் கட்டுவீங்க?"

  

ரோஸ்லின் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து கயிற்றை எடுத்து அவன் முன்னால் போட்டாள்.

"ஒங்க அண்ணன்தான் அன்னைக்கே கொண்டு தந்தாரு. 'தம்பி கயித்த வெட்டக் கத்தி தீட்டிக்கிட்டிருக்கான், கோவம் ஆறுற வரைக்கும் ஒளிச்சு வை'ன்னாரு. மரத்தக் கட்டுனதும் பின்பக்கம் ஒங்களையே உக்காரச் சொன்னாரு."