வார்னிஷில் பதிந்த விரல்

பழுதுபார்க்க வந்த வெல்டிங் மெஷினின், அதுவரை யாரும் பிரிக்காத கம்பெனி சீலை நான்தான் உடைத்தேன். உள்ளே மின்சாரத்தை மட்டுப்படுத்தும் கம்பிச்சுருளான சோக் காயில் கருகிக் கிடந்தது. அதன் வார்னிஷில் ஒரு கட்டைவிரல் ரேகை. ரேகையைச் சாய்வாக ஒரு வெட்டு பிளந்திருந்தது. வார்னிஷ் காய்ந்ததா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது எங்கள் பட்டறைப் பழக்கம்.

கூட்டாளியான மச்சானை முறைத்தேன். "எனக்குத் தெரியாம இதை எப்ப பிரிச்சே?"

"சீலை உடைச்சதே நீங்கதானே மாமா?" இரண்டு கட்டைவிரல்களையும் நீட்டினான். வெட்டே இல்லை. இருந்தும் என் சந்தேகம் போகவில்லை.

புதுக் காயில் சுற்றி, வார்னிஷ் அடித்து, அது முழுதும் உலருமுன் மாட்டும்போது தகர விளிம்பு என் கட்டைவிரலைச் சாய்வாகக் கிழித்தது. பழக்கதோஷத்தில் அதே விரலால் வார்னிஷை அழுத்திவிட்டேன்.

மச்சான் பழைய காயிலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டிலும் ஒரே ரேகை, அதே சாய்வான வெட்டு.

"இப்ப உங்க விரலைக் காட்டுங்க மாமா."

கையைச் சட்டென்று பைக்குள் விட்டுக்கொண்டேன்.