சட்டையின் முதுகு

கோர்ட்டில் சாட்சிப் பொருள்களைப் போட்டுவைக்கும் அறையில் ஒரு துப்பாக்கி, கழுத்தில் சீட்டோடு கிடந்தது. அதற்கு ஒரே கவலைதான். இன்று தீர்ப்பு, முதலாளி மாசானம் வீடு திரும்பியாக வேண்டும்.

"லைசென்ஸ் இருக்கு. வீட்டுக்குள்ள வந்த திருடனைச் சுட்டோம். இதுல என்ன குத்தம்?" என்று பக்கத்தில் கிடந்த சட்டையிடம் உறுமியது. செத்துப்போன திருடனின் சட்டை அது.

"என்னைத் திருப்பிப் பாத்தீங்களா அண்ணே?"

"கந்தலைப் பாக்கத்தான் நான் இருக்கேனா? போடா!"

இரண்டையும் விசாரணைக்கு எடுத்துப்போய் நீதிபதி முன்னால் வைத்தார்கள். அவர் துப்பாக்கியைத் தொடக்கூட இல்லை. சட்டையை விரித்தார். முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. திருப்பினார். முதுகெல்லாம் ஓட்டை.

"ஓடுறவனைச் சுட்டிருக்கே" என்றார். மாசானத்துக்குப் பத்து வருஷம்.

செத்தவனின் ஆட்களுக்குப் பயந்து மாசானத்தின் பெண்டாட்டி பிள்ளைகள் ஊரைவிட்டே ஓடிவிட்டதாக வக்கீல் யாரிடமோ சொன்னது துப்பாக்கியின் காதில் விழுந்தது.

மறுபடி இரண்டையும் அதே அறையில் கொண்டுவந்து போட்டார்கள்.

"இப்ப வீட்டுல யாரு இருக்கா அண்ணே?" என்றது சட்டை.

"யாருமில்லடா" என்றது துப்பாக்கி. "கதவு தொறந்து கெடக்காம். திருடன்கூட வரலையாம்."