இலையில் இல்லாதது

"அத்தான், இந்தப் பொடியில இலையைத் தவிர வேற எதுவும் இல்லைன்னு அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க!"

தம்பி வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மேசைமேல் வெட்ட விரித்திருந்த துணியின் நடுவே கண்ணாடிப் புட்டியை டொக்கென்று வைத்தான்.

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "வேற என்ன மாப்ளே இருக்கும்? பின்பக்கச் சுவரோரம் நிக்குதே, அந்தச் செடிதான். நானே பறிச்சு, நானே நிழல்ல காயவெச்சு, நானே இடிச்சது."

பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அக்காவின் விரலில் ஊசி ஏறியது. அவள் தலையை நிமிர்த்தவில்லை.

தம்பிக்கு மூலிகை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. எந்த இலையில் என்ன வேதிப்பொருள் இருக்கிறது, அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் பிழைப்பு. எதிர்வீட்டு டீச்சர், ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி மயங்கி விழுந்தபோது, தையல்காரர் கொடுத்த பொடியைத்தான் அவள் புதிதாகச் சாப்பிட்டாள் என்று தெரிந்தது. உடனே இந்த வீட்டிலிருந்த பொடிப் புட்டியைச் சோதனைக்கு எடுத்துப் போனவன் அவன்.

"அந்த இலையை நாங்க முன்னாடியே சோதிச்சிருக்கோம். அதோட கசப்புல ஒரு பொருள் இருக்கு. எலிக்குக் கொடுத்தா சர்க்கரை கொஞ்சம் இறங்கும். கொஞ்சம்தான்! ஆனா இந்தப் புட்டியில இருக்கிறது ஃபாக்டரியில செய்யுற சர்க்கரை மாத்திரையோட மருந்து. எந்தச் செடியும் அதை உண்டாக்காது, அத்தான். டீச்சர் ஏற்கெனவே மாத்திரை போடுறவங்க. அதுக்கு மேல இதுவும் போனா?"

"உங்க மெஷின் தப்பாக் காட்டியிருக்கும்."

"திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துட்டேன்."

"அப்போ என் ரத்த ரிப்போர்ட்? மாத்திரையை நான் வாயிலயே வெக்கிறதில்லை. இலையிலதான்டா என் சர்க்கரை கட்டுக்குள்ள நிக்குது! டாக்டரே ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, 'இப்படியே தொடருங்க'ன்னாரே!"

"அளவு கொடுக்க வர்றவங்ககிட்டயெல்லாம் இலை, இலைன்னு பீத்திக்கிட்டீங்க. அது பொய்யாயிடக் கூடாதுன்னு மாத்திரையை இடிச்சுக் கலந்துட்டீங்க. அவ்வளவுதானே?"

தைத்த துணி வாங்க வந்த இரண்டு பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஒருத்தி மற்றவளின் கையைப் பிடித்து இழுத்தாள். வந்த சுவடு தெரியாமல் இருவரும் திரும்பிப் போனார்கள்.

அக்காவுக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது. யார் முகத்தையும் பார்க்க முடியாமல் மடியிலிருந்த துணிக்குள்ளேயே கூனிக் குறுகினாள்.

தையல்காரரின் குரல் உள்ளே போய்விட்டது. "நான் பிடிவாதக்காரன்டா, ஒத்துக்கறேன். வாய் நீளம், அதையும் ஒத்துக்கறேன். ஆனா பொய்யன் இல்லை." மனைவியின் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேன். என்னிக்காவது என் கையில மாத்திரையைப் பார்த்திருக்கியா?"

"இல்லை" என்றாள். அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அவருக்காகப் பரிஞ்சு பேசாதேக்கா. டீச்சர் கண்ணு முழிச்சது ஏதோ நல்ல நேரம். போலீஸுக்குச் சொல்லணும்னு ஆஸ்பத்திரியில குதிக்கிறாங்க."

தையல்காரர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து மேசைமேல் போட்டார். கொடியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தான் மாறி விழுந்தது. ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறவர், அதைச் சரிசெய்யக்கூடத் தோன்றாமல் நின்றார்.

"வா மாப்ளே, போகலாம். எப்படிக் கலந்துச்சுன்னு எனக்குத் தெரியலை. ஆனா என் கையாலதானே கொடுத்தேன்? டீச்சர் கால்ல விழுறேன். போலீஸ் வந்தா என்னையே பிடிச்சுட்டுப் போகட்டும்."

அக்கா எழுந்து ஓடிப்போய் வாசலை மறித்து நின்றாள்.

"அவர் பொய் சொல்லலைடா" என்றாள் தம்பியிடம். பிறகு கணவரின் கோணல் பொத்தானைப் பார்த்தபடியே சொன்னாள்: "டாக்டர் எழுதின மாத்திரையைத் தொடவே மாட்டேன்னு நீங்க அடம்பிடிச்ச நாள்லேருந்து, உங்களுக்குத் தெரியாம நான்தான் அதை இடிச்சு இந்தப் பொடியில கலந்துக்கிட்டு வர்றேன். டீச்சருக்கு நீங்க பொட்டலம் கட்டினப்போகூட, உங்ககிட்ட மாட்டிக்குவேனேன்னு, வாயைத் திறக்காம பக்கத்துலயேதான் நின்னேன்."